குடலில் காசநோய்: கத்தி முடித்த வேலையும் மாத்திரை முடிக்க வேண்டிய வேலையும்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். ஏழெட்டு மாதங்களாகவே, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் வலி. "வயித்துக்குள்ள உருண்டையா ஒண்ணு ஓடுதுக்கா. கடகடன்னு சத்தம் கேக்குது. அப்புறம் தானா விட்டுருது" என்று அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் என்றும் அல்சர் என்றும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். 58 கிலோ இருந்தவர் 46 கிலோ ஆனார். இடையில் ஒரு லேபில் எடுத்த 'டி.பி. ரத்தப் பரிசோதனை' நெகட்டிவ். மார்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில் வலி முற்றிவிட்டது. பச்சைப் பச்சையாக வாந்தி, வயிறு உப்பல். இரண்டு நாளாக மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து அம்மா விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் வயிறு கல்லாகி, கைகால் சில்லிட்டுப்போய், அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுகுடலில் ஓட்டை என்று உடனே ஆபரேஷன். ஒன்றரை அடி குடலை எடுத்துவிட்டு, குடலின் முனையை வலது பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து, மலம் சேர அதன்மேல் பை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து வந்த பயாப்சியில் காசநோய். இப்போது மாத்திரை தொடங்கி மூன்று வாரம்.

சகோதரி கேட்பவை: இருமலே இல்லாதவனுக்கு டி.பி. எப்படி வந்தது, பயாப்சி தப்பாக இருக்குமா? மாத்திரையிலேயே சரியாகியிருக்கும், அவசரப்பட்டு வெட்டிவிட்டார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறாரே? நோயுள்ள குடலைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் ஆறு மாதம் மாத்திரை எதற்கு? பை ஆயுசுக்கும் இருக்குமா? வீட்டில் இருக்கும் தன் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா? கிளினிக் டாக்டர்மீது வழக்குப் போடலாமா? கடைசியாக, தன் அம்மாவுக்காக ஒரு கேள்வி: "நான் குடுத்த விளக்கெண்ணெய்தான் புள்ளை குடலைக் கிழிச்சிருச்சா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஓட்டையைப் போட்டது நோய். அந்த இடத்தில் குடலின் சுவர் பல மாதங்களாகப் புண்ணாகி மெலிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே குடல் சுருங்கி வழி அடைபட்டிருந்தது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், எண்ணெய் கொடுப்பதற்கு முன்பே அடைப்பு முழுமையாகிவிட்டது. பச்சை வாந்தியும், காற்றுகூடப் பிரியாததும் அதைத்தான் சொல்கின்றன. அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்பது உண்மை. குடல் இன்னும் வேகமாக முக்கும், உள்ளே அழுத்தம் கூடும். இனி எப்போதும், யாருக்கும், வாந்தியோடு வயிறு உப்பி மலம் போகாமல் இருக்கும்போது விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு கரண்டி எண்ணெய்தான் குடலைக் கிழித்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. எண்ணெயே கொடுக்காமல் குடல் ஓட்டையாகி வருகிறவர்கள்தான் அதிகம். ஏழெட்டு மாத நோயின் பழியை ஒரு ராத்திரியின் தலையில் அம்மா சுமத்திக்கொள்ள வேண்டாம்.

இருமல் இல்லாமல் டி.பி.யா?

காசநோய் என்றாலே நெஞ்சு, இருமல், ரத்தம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. முடியும் நகமும் தவிர உடம்பில் அது தொடாத இடம் அநேகமாக இல்லை. கிருமி பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் உள்ளே வருகிறது. நுரையீரலில் சத்தமில்லாமல் ஒரு சிறு புண்ணை உண்டாக்கி அது ஆறியும் விடலாம். அதற்குள் ரத்தத்தோடு கலந்து வேறு உறுப்பில் போய் உட்கார்ந்துவிடும். விழுங்கிய சளியோடும் குடலுக்குப் போகும். வயிற்றுக் காசநோய் உள்ளவர்களில் பலருக்கு மார்பு எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாது. அதனால் சுத்தமான எக்ஸ்ரே உங்கள் தம்பிக்கு டி.பி. இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

வயிற்றுக்குள் அது அதிகம் பிடிப்பது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பை. உணவு அங்கே கொஞ்சம் தங்கிப் போகிறது, நிணநீர்த் திசுவும் அங்கே அதிகம். கிருமிக்கு இரண்டுமே வசதி. அங்கே வரும் புண் குடலின் நீளவாக்கில் போகாது, சுற்றிலும் வளையமாகப் படரும். டைபாய்டு புண் நீளவாக்கில் வரும், காசநோய்ப் புண் குறுக்கே வரும் என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான். வளையமாக வந்த புண் ஆறும்போது தழும்பும் வளையமாகத்தான் இருக்கும். தழும்பு இறுகினால் குடலின் வழி சுருங்கும். அந்தச் சுருக்கத்தைத் தாண்டித் தள்ள மேலே உள்ள குடல் விறைத்து முக்கும்போது தம்பிக்கு உருண்டை ஓடுவதுபோல் இருந்தது. காற்றும் நீரும் கடகடவென்று குறுகிய வழியைக் கடந்ததும் வலி விட்டுவிடும். ஆக, அவர் போனில் அக்காவிடம் சொன்ன மூன்று வாக்கியத்திலேயே நோயின் பெயர் பாதி இருந்தது.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசநோய்க்கு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். பரிசோதனைகளை நம்ப முடியாது என்று இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. இன்னும் எங்காவது அப்படிச் செய்கிறார்கள் என்றால், பாசிட்டிவ் என்றாலும் நெகட்டிவ் என்றாலும் அதற்குப் பொருள் இல்லை.

பயாப்சி தப்பாக இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் குரோன்ஸ் என்ற குடல் நோய் பார்ப்பதற்கு அப்படியே காசநோய் மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கையில் 'கேசியேட்டிங் கிரானுலோமா' என்று இருக்கிறது. கிரானுலோமா என்பது தற்காப்பு அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு; அதன் நடுவே திசு மடிந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். குரோன்ஸில் அப்படி மடிவதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோயின் பெயரைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். வேறொன்றைக் கேட்பேன்: வெட்டிய குடலிலிருந்து ஒரு துண்டு சாதாரண சலைனில் போட்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்குப் போனதா? பயாப்சிக்குப் போகும் துண்டைப் பார்மலினில் போடுவார்கள். அதில் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. சலைனில் போன துண்டில்தான் கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா, அடங்காத வகையா என்று சரியாகத் தெரியும். அவசர ஆபரேஷன்களில் இந்தத் துண்டு விட்டுப்போவது உண்டு. அப்படி விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம். மாத்திரைக்குக் காய்ச்சல் தணிகிறதா, பசி எடுக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று விடியற்காலை நடந்தது

உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் பாதி சரி. வயிற்றுக் காசநோய் வந்த எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். குடல் பாதி அடைபட்டு வருகிறவர்களைக்கூட, மூக்கு வழியாகக் குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பட்டினி போட்டு ஓரிரு நாள் பார்ப்போம். இறங்கிவிட்டால் மாத்திரையைத் தொடங்கிவிடுவோம். மாத்திரையிலேயே திறந்துகொள்ளும் சுருக்கங்கள் நிறைய உண்டு.

ஆனால் தம்பி வந்தது அந்த நிலையில் இல்லை. வாய்க்காலில் மதகு அடைத்துக்கொண்டால் உடைவது மதகு இல்லை, அதற்கு மேலே உள்ள கரை. குடலும் அப்படித்தான், சுருக்கத்துக்குச் சற்று மேலே, உப்பி மெலிந்த இடத்தில் ஓட்டை விழுந்து, குடலில் இருந்ததெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டிவிட்டது. வயிறு கல்லானதும் கைகால் சில்லிட்டதும் அதனால்தான். காசநோய் மாத்திரை பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். ஓட்டை விழுந்தவருக்கு இருப்பது மணிக்கணக்கு. அந்த நேரத்தில் மாத்திரைக்காகக் காத்திருந்திருந்தால் தம்பி இன்று இருந்திருக்க மாட்டார். நீங்கள் பத்து நிமிடத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாக வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்தது சரியான முடிவு.

ஓட்டையை மட்டும் தைத்து மூடியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். நோயுள்ள திசுவில் போடும் தையல் நிற்காது, மறுபடி கசியும்; கீழே சுருக்கமும் அப்படியே இருக்கும். அதனால் அந்தப் பகுதியையே எடுக்கிறோம். எடுத்துவிட்டு இரு முனைகளையும் அப்போதே இணைத்திருக்கலாமே என்றால், உடம்பில் புரதம் வற்றிப்போய், வயிற்றில் சீழ் நிறைந்து, ரத்த அழுத்தம் இறங்கிய ஒருவருக்கு அந்த இணைப்பு பிரிந்துகொள்ளும் ஆபத்து அதிகம். பிரிந்தால் இரண்டாவது ஆபரேஷன், அதிலிருந்து மீள்வது மிகவும் கடினம். பை வைத்த டாக்டர் உங்கள் தம்பியின் உயிரைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்.

வெட்டி எடுத்த பிறகும் மாத்திரை ஏன்?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தையல் பிரித்ததும், வலி போனதும், 'ஆபரேஷன்லயே எல்லாம் எடுத்தாச்சு' என்று இரண்டாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அறுவை சிகிச்சை உங்கள் தம்பியின் குடல் ஓட்டைக்குத்தான் செய்யப்பட்டது. காசநோய்க்கு அவருக்கு இன்னும் சிகிச்சை முடியவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

உங்களிடம் உள்ள ஆபரேஷன் குறிப்பைப் பாருங்கள். குடலைத் தாங்கும் மடிப்பில் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்ததாகவும், வயிற்று உறையில் வெண்ணிறப் பொட்டுகள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறது. அவை இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. எந்தக் கத்தியாலும் அவற்றைப் பொறுக்கி எடுக்க முடியாது. மிச்சக் குடலில் இன்னொரு சுருக்கமும் இருக்கலாம்.

முறை இதுதான். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் பைரசினமைட் இல்லாமல் மூன்று. தினமும். வயிற்றுக் காசநோய்க்கு 6 மாதம் போதும் என்று இந்தியாவின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. வயிற்றுக் காசநோய்க்கு ஓராண்டு சிகிச்சையையும் 6 மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தது நம் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் மருத்துவர் ஏதாவது காரணத்தால் நீட்டித்தால் அது அவர் தீர்ப்பு. குறைக்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை. மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 46 கிலோவில் தொடங்கியவர் எடை ஏறும்போது அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், ஆகவே மாதாமாதம் எடை பார்த்துச் சொல்லுங்கள்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்திருக்கிறீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம். குடல் வெட்டிப் பை வைத்தவரிடம் அந்த நிறத்தைப் பார்ப்பது எனக்கு நிம்மதி, மருந்து உடம்பில் சேருகிறது என்று அர்த்தம். மாறாக, பையில் மாத்திரை கரையாமல் முழுதாக வந்து விழுந்தால் அதைச் சொல்லுங்கள். சாராயம், பீர் எதுவும் இந்த ஆறு மாதம் கூடாது, ஈரல் தாங்காது. ஈரலுக்கு நல்லது என்று யாராவது தரும் பொடிகளையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மருந்து வேலை செய்யும்போதே, புண் ஆறித் தழும்பு இறுகி, குடல் மறுபடி சுருங்கக்கூடும். மருந்து தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் பழைய 'உருண்டை ஓடும்' வலி திரும்பினால் கேஸ் மாத்திரை வாங்கிப் போடாமல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

பையோடு இருக்கும் மாதங்கள்

இந்தப் பை ஆயுசுக்கும் இல்லை. பெரும்பாலும் சில மாதங்களில் மூடிவிடலாம். எப்போது என்பதைக் காலண்டரைவிட உடம்புதான் முடிவு செய்யும். எடை ஏறி, ரத்தத்தில் புரதம் ஏறி, காய்ச்சல் முழுக்க நின்று, கீழே உள்ள குடலுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்து, அங்கே வேறு சுருக்கம் இல்லை என்று உறுதியான பிறகு மூட வேண்டும். சீக்கிரம் மூடச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். கல்யாணப் பேச்சு காத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், காத்திருக்கட்டும். சிகிச்சை முடிந்தவர் கல்யாணம் செய்வதில் தடை எதுவும் இல்லை. பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

தோல் வெந்துபோய் எரிகிறது என்று சொன்னீர்கள். அநேகமாகப் பையின் ஒட்டும் தகட்டில் துளையைப் பெரிதாக வெட்டுகிறீர்கள். சிறுகுடல் நீரில் செரிமான ரசம் இருக்கிறது, தோலையே அரித்துவிடும். வெளியே தெரியும் குடலின் அளவுக்கு ஒட்டினாற்போல, ஒரு நூல் இடைவெளி மட்டும் விட்டு வெட்டுங்கள். முதல் சில வாரங்களில் குடலின் வீக்கம் வடிந்து சிறிதாகும், அதனால் ஒவ்வொரு தடவையும் அளந்து வெட்ட வேண்டும். வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, அதற்கென்று உள்ள பவுடரைத் தூவி ஒட்டுங்கள். டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் வேண்டாம், தகடு பிடிக்காது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள், கனத்தில் தகடு பெயராது.

பையில் வருவதை ஒரு நாளாவது அளவுக் குவளையில் அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பில் நீரும் உப்பும் வற்றுகிறது என்று அர்த்தம். அப்போது வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதால் பை நிறையுமே தவிர உடம்பில் தங்காது. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள், கஞ்சியில் உப்பைக் கூட்டுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி. 'குடல் ஆபரேஷன், பத்தியம்' என்று மூன்று வாரமாக ரசமும் குழைந்த சோறும் கொடுத்துவருகிறீர்கள். 12 கிலோ இழந்தவருக்கு இது அநியாயம். முட்டை தினம் இரண்டு, மீன், தயிர், கெட்டியான பருப்பு, நன்றாக வெந்த கோழி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒதுக்க வேண்டியது நார்: முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத் தண்டு, பலாச்சுளை, ஆரஞ்சுத் தோல், கொய்யா விதை, முழு வேர்க்கடலை. சுருக்கத்திலோ பையின் வாயிலோ இவை போய் அடைத்துக்கொள்ளும். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு, காசநோயாளிகளுக்கு முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறுவது உயிர் பிழைப்பதோடு நேராகத் தொடர்புடையது என்று காட்டியது. சாப்பாட்டை மருந்தாக எண்ணிப் பரிமாறுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

இவற்றில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்:

- பையில் ஆறேழு மணி நேரமாக எதுவுமே விழாமல், வயிறு உப்பி, முறுக்கும் வலியோ பச்சை வாந்தியோ வருவது.
- வெளியே தெரியும் குடல் ரோஜா நிறம் மாறிக் கருத்துப்போவது.
- வயிறு இறுகித் தொட்டாலே வலிப்பது, கடும் காய்ச்சல், நாடி படபடப்பு.
- பை அளவுக்கு மீறி நிறைந்து, சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலைசுற்றி விழுவது.

கண் மஞ்சளாவது, ஓயாத குமட்டல், பார்வை மங்குவது, நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் போவது ஆகியவை மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்படி மறுபடி தொடங்குவது என்பதை அவர்கள் சொல்வார்கள். நீங்களாக ஒன்றை விட்டு ஒன்றைக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும்.

தட்டு, டம்ளர், குழந்தை

தம்பிக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, குழந்தையை அவர் அறைக்குள் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். காசநோய் தட்டிலும் துணியிலும் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. தம்பிக்கு நுரையீரலில் நோய் இல்லை. சளி வந்தால் ஒருமுறை பரிசோதித்து அதையும் உறுதி செய்துகொள்ளலாம். பையைக் கையாண்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, நுரையீரல் காசநோய் உள்ளவர்களையே வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் வைத்தவர்களின் குடும்பத்தைவிட இவர்கள் குடும்பத்துக்கு நோய் அதிகம் பரவவில்லை என்று உலகத்துக்குக் காட்டியது. இந்த ஊரில் நிரூபிக்கப்பட்டதை இந்த ஊர்க்காரர்களே நம்பாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் தேட வேண்டியது வேறு திசையில்: தம்பிக்கு யாரிடமிருந்து வந்தது? வீட்டிலோ, திருப்பூர் அறையில் கூடத் தங்கியவர்களிலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, காய்ச்சலோ, எடைக் குறைவோ உள்ளவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த நான்கு பேருக்கும் தம்பியே போன் செய்து சொல்லட்டும். வீட்டில் யாருக்காவது நுரையீரல் காசநோய் தெரியவந்தால் உங்கள் குழந்தைக்குத் தடுப்பு மருந்து தேவைப்படும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர் என்பதால்.

பணம், வேலை, காகிதங்கள்

காசநோய் மருந்து அரசில் முழுக்க இலவசம். தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் இலவச மருந்து பெறலாம். நோயாளியின் விவரம் நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏறினால் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வரவில்லை என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டும் காசநோயாளிகள் எல்லோருக்கும் செய்வது, எச்.ஐ.வி.க்கு எழுதிக் கொடுத்ததை அவமானமாக நினைக்க வேண்டாம். தமிழகத்தில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிடிப்பில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தம்பிக்கு அந்தச் சோதனை நடந்ததா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தம்பியின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காசநோய், நீண்டகால நோய்ப் பலன் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, தேவையான அளவு சந்தா கட்டியிருந்தால், கூலியில் 80 சதவீதம் வரை அதிகபட்சம் இரண்டு ஆண்டு கிடைக்கும். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். முதலில் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள்.

வழக்கைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் மாதத்தில் இந்த வலியைக் கேஸ் என்று நினைப்பதில் தவறில்லை. நோய் அப்படித்தான் வேஷம் போடும். ஆனால் 12 கிலோ இறங்கி, சாயங்காலக் காய்ச்சலோடு மாதக்கணக்கில் வந்தவருக்கு ஒரு வயிற்று ஸ்கேன்கூட எழுதாதது எனக்கும் ஆறவில்லை. அது சட்டப்படி கவனக்குறைவாகுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தம்பி என்ன சொன்னார், அவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்ற காகிதம் இல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. அதை வாங்கி வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தம்பி எழுந்து நடமாடட்டும், பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை ஓ.பி.க்குப் போகும்போது ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி அறிக்கை, நிக்ஷய் எண், எடை எழுதிய நோட்டு நான்கையும் கொண்டுபோங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: சிபிநாட்டுக்குத் துண்டு போனதா? பி-12 வைட்டமினை உறிஞ்சும் சிறுகுடலின் கடைசிப் பகுதி எவ்வளவு போயிற்று, பி-12 ஊசி தேவைப்படுமா? பையை மூடுவதற்கு முன் எப்போது எக்ஸ்ரே எடுப்பார்கள்? பதில்களைத் தம்பியே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.